சிரிக்க வைத்த அழ. வள்ளியப்பா

தட்டு நிறைய லட்டு. மொத்தம் எட்டு. அண்ணன் கிட்டு பாதியை எடுத்துக்கொள்கிறான். மீதியைத் தங்கை பட்டு தின்றுவிடுகிறாள். கடைசியில் தட்டு காலி!

இந்தப் பாட்டைப் பாடாத குழந்தை தமிழ்நாட்டில் உண்டா? சென்னை மாடி வீட்டுக் குழந்தையும் பாடும். தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியில் படிக்கும் குழந்தையும் பாடும். பாடிக்கொடுக்கும் அம்மாவுக்கும் பாட்டு மனப்பாடம். ஆனால், அதை எழுதியவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அவர்தான் அழ. வள்ளியப்பா. "குழந்தைக் கவிஞர்" என்று தமிழ்நாடு அவரை அழைத்தது. பெயருக்கு முன்னால் நின்ற எழுத்து "அழ". ஆனால் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை, குழந்தைகளைச் சிரிக்க வைப்பது!

பாட்டு எழுதினார். கதை எழுதினார். பெரிய மனிதர்களின் வாழ்க்கையைச் சிறுவர்களுக்குச் சொன்னார். இத்தனையும் பாங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே செய்தார். குழந்தைகளுக்கு எழுதுவதும் இலக்கியமே என்று கடைசி மூச்சு வரையில் வாதாடினார்.

ராயவரம்

புதுக்கோட்டைச் சீமையில் ராயவரம் என்ற ஊர் இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களில் ஒன்று. பெரிய பெரிய வீடுகள். அந்த வீடுகளைக் கட்டிய பணம் கடல் கடந்து வந்த பணம். பர்மா, மலேயா, இலங்கை என்று பல நாடுகளில் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் தொழில் செய்து வந்த காலம் அது. அந்த ஊர்களில் ஆண் பிள்ளை பிறந்தால், அவன் கணக்கு எழுதக் கற்றுக்கொள்வான், பிறகு கப்பல் ஏறுவான் என்பது எழுதாத சட்டம்.

1922-ம் ஆண்டு நவம்பர் மாதம் 7-ந் தேதி, அந்த ராயவரத்தில் வள்ளியப்பா பிறந்தார். தந்தை அழகப்ப செட்டியார். தாய் உமையாள் ஆச்சி. அப்பொழுது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். அங்கே மன்னர் ஆட்சி நடந்தது. 1948-ல்தான் அது இந்தியாவுடன் இணைந்தது.

ராயவரத்தில் இருந்த காந்தி பாடசாலையில் சிறுவன் வள்ளியப்பா படித்தான். பிறகு பக்கத்தில் உள்ள ராமச்சந்திரபுரத்தில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு. பாட்டுக் கட்டும் ஆசை பள்ளிக்கூட நாட்களிலேயே வந்துவிட்டது.

கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல அவர். பிற்காலத்தில் அவருடைய பாட்டுகளைக் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள் ஆராய்ந்தார்கள். ஆனால் அவர் படித்தது பள்ளிப் படிப்போடு சரி. மற்றதெல்லாம் தாமாகப் படித்துக்கொண்டது.

சென்னைக்கு வந்தார்

1940-ம் ஆண்டு. வள்ளியப்பா சென்னைக்கு வந்தார். வயது 18 கூட நிறையவில்லை.

அதே ராயவரத்தில் பிறந்த ஒருவர் அப்பொழுது சென்னையில் ஒரு புத்தக நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் வை. கோவிந்தன். "சக்தி" என்ற மாதப் பத்திரிகையையும் அவர் நடத்தினார். அதனால் "சக்தி" கோவிந்தன் என்றே அவருக்குப் பெயர். நல்ல புத்தகம் ஏழை கைக்கும் எட்ட வேண்டும் என்று கனவு கண்ட மனிதர் அவர். பாரதியார் கவிதைகளைப் பிற்காலத்தில் ஒன்றரை ரூபாய்க்கு அச்சிட்டுக் கொடுத்தவரும் அவரே.

அந்த சக்தி காரியாலயத்தில் வள்ளியப்பாவுக்கு வேலை கிடைத்தது. எழுத்து வேலை அல்ல. காசாளர் வேலை! பணத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக் கணக்கு எழுதும் வேலை.

ஆனால் பணப்பெட்டிக்கு எதிரில் பத்திரிகை வேலை நடந்துகொண்டிருந்தது. எழுத்தாளர்கள் வந்தார்கள், போனார்கள். அச்சடித்த தாள்கள் மை காயாமல் வந்து விழுந்தன. "சக்தி" பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் தி. ஜ. ர. எளிய தமிழில் எழுதுவதில் வல்லவர். காசாளர் பையனிடம் எழுத்தாசை இருப்பதை அவர் கண்டுகொண்டார். எழுதும்படி தூண்டினார்.

வள்ளியப்பா எழுதினார். "ஆளுக்குப் பாதி" என்ற கதை வெளிவந்தது. அதுதான் அவர் எழுதிய முதல் கதை.

பிற்காலத்தில் அவர் எழுதிய லட்டுப் பாட்டிலும் அண்ணனுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. முதல் கதையின் தலைப்பும் "ஆளுக்குப் பாதி"! பங்கு போட்டுக்கொள்வது என்பது அவர் மனத்துக்குப் பிடித்த விஷயம் போலும்.

பகலில் கணக்கு, இரவில் பாட்டு

1941-ல் வள்ளியப்பா இந்தியன் பாங்கியில் சேர்ந்தார். 1907-ல் சென்னையில் தொடங்கப்பட்ட பாங்கி அது. அங்கே அவர் 1982 வரையில் வேலை பார்த்தார். 41 ஆண்டுகள்!

எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்துவது அந்தக் காலத்தில் கடினம். குழந்தைகளுக்கு எழுதி வாழ்வது அதைவிடக் கடினம். சிறுவர் பத்திரிகை தொடங்குவார்கள். நாலு மாதம் நன்றாக நடக்கும். பிறகு காகிதக் கடைக்காரரின் பாக்கி ஏறும். பத்திரிகை நின்றுவிடும். வள்ளியப்பா இதைக் கண்ணால் கண்டவர். "பாலர் மலர்", "டமாரம்", "சங்கு", "பூஞ்சோலை" என்று பல சிறுவர் பத்திரிகைகளை அவர் நடத்திக் கொடுத்தார். பாங்கி வேலையோடு வேலையாக அதையும் செய்தார்.

சம்பளம் பாங்கியிலிருந்து வந்தது. அதனால் எழுத்தில் அவர் யாருக்கும் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெரியவர்களுக்குத் தொடர்கதை எழுதினால் புகழ் சீக்கிரம் வரும். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. குழந்தைகளுக்கே எழுதினார்.

மலர்ந்த உள்ளம்

தமிழில் குழந்தைகளுக்குப் பாட்டு இல்லாமல் இல்லை. ஒளவையாரின் ஆத்திசூடியைத் திண்ணைப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகள் படித்தார்கள். பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். நாகர்கோவில் பக்கத்தில் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கன்றுக்குட்டியையும் காக்கையையும் பற்றி இனிக்க இனிக்கப் பாடினார்.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் வந்த பாட்டுகள் பலவற்றில் புத்திமதியே அதிகம். கடினமான சொற்கள் வேறு. பிள்ளைகள் பரீட்சைக்காக உருப்போட்டார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தார்கள்.

1944-ம் ஆண்டு வள்ளியப்பாவின் முதல் பாட்டுப் புத்தகம் வந்தது. பெயர் "மலரும் உள்ளம்". அதில் இருந்தவை 23 பாட்டுகள்தான். அது உலகப் போர்க் காலம். அச்சடிக்கக் காகிதம் கிடைப்பதே அரிது. அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு புத்தகம் போட்டது பெரிய துணிச்சல்.

புத்தகம் சிறியது. ஆனால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பாட்டுகள் பெருகின. 1954-ல் "மலரும் உள்ளம்" பெரிய தொகுதியாக வந்தது. 1961-ல் இரண்டாம் தொகுதியும் வந்தது. "சிரிக்கும் பூக்கள்", "ஈசாப் கதைப் பாடல்கள்" என்று வேறு பாட்டுப் புத்தகங்களும் வந்தன. அரசாங்கப் பரிசும் கிடைத்தது.

பாட்டின் இரகசியம்

அவருடைய பாட்டு ஏன் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது? லட்டுப் பாட்டையே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாட்டில் ஒவ்வொரு அடியும் ஒரே ஓசையில் முடிகிறது. தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு என்று எல்லாமே "ட்டு". குழந்தைக்கு அடுத்த அடி மறந்து போனாலும் ஓசை கைகொடுக்கும். ஒவ்வொரு அடியிலும் இரண்டு மூன்று சொற்கள்தான். மூச்சு முட்டாது. சொற்கள் எல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள். அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை.

அதற்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. எட்டில் பாதி நாலு. நாலும் நாலும் எட்டு. எட்டும் போனால் ஒன்றும் இல்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் மூன்றும் ஒரு தட்டு லட்டில் அடங்கிவிட்டன! பாங்கியில் கணக்குப் பார்த்த மனிதர் அல்லவா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு ஒரு பங்கு கூட, பெண் பிள்ளைக்கு ஒரு பங்கு குறைய என்று கொடுத்த வீடுகள் நம் நாட்டில் ஏராளம். அந்தப் பாட்டில் கிட்டுவுக்கும் நாலு, பட்டுவுக்கும் நாலு. புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. நியாயத்தைப் பங்கு போட்டே காட்டிவிட்டார்.

இந்த எளிமை குழந்தைகளுக்கு மட்டும் உதவவில்லை. வயது வந்த பிறகு எழுத்தறிந்தவர்கள், எழுத்துக் கூட்டிப் படிக்கும்பொழுது, நீளமான வாக்கியம் பயமுறுத்தும். சின்ன அடியாக இருந்தால் விரலை வைத்துக்கொண்டே படித்துவிடலாம். பிள்ளையின் புத்தகத்தை வாங்கித் தாய் படித்த வீடுகளும் உண்டு.

பெரியோர் கதை

வள்ளியப்பா செய்த மற்றொரு பெரிய வேலை, வாழ்க்கை வரலாறு எழுதியது.

பெரிய மனிதர்களின் வரலாறு என்றால் வழக்கமாக எப்படி இருக்கும்? பிறந்த தேதி, படித்த பள்ளி, பெற்ற பட்டம், வகித்த பதவி என்று வரிசையாக வரும். குழந்தைக்கு அதில் என்ன கிடைக்கும்? கொட்டாவிதான்.

வள்ளியப்பா வேறு வழி கண்டுபிடித்தார். பெரியவர்களும் ஒரு காலத்தில் சிறுவர்களாக இருந்தவர்கள்தானே? அந்தச் சிறு வயதிலிருந்தே சொல்லத் தொடங்கினார். "சின்னஞ்சிறு வயதில்", "பிள்ளைப் பருவத்திலே", "பெரியோர் வாழ்விலே" என்று அவர் புத்தகங்களுக்குப் பெயர் வைத்தார். பெயரைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். ஒரு பெரிய மனிதரைச் சிலையாக்கி உயரத்தில் நிறுத்தினால், குழந்தை அண்ணாந்து பார்க்கும். அவ்வளவுதான். அதே மனிதரைச் சிறுவனாக்கிப் பக்கத்தில் உட்கார வைத்தால், குழந்தை அவரோடு பேசும். அவரைப் போல் ஆகலாம் என்று நினைக்கும்.

காந்தியடிகளின் வரலாற்றை அவர் உரைநடையில் எழுதவில்லை. பாட்டாகவே பாடினார். "பாட்டிலே காந்தி கதை" என்பது அந்தப் புத்தகம். நம் நாட்டில் ராமன் கதையையும் பாண்டவர் கதையையும் பாட்டாகத்தான் பரம்பரையாகச் சொல்லி வந்தார்கள். தெருக்கூத்தில் பாட்டு; உடுக்கடியில் பாட்டு; ஏர் ஓட்டும்பொழுதும் பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கதையை மறக்காமல் இருந்தது பாட்டினால்தான். அந்தப் பழைய வழியில் புதிய காலத்து மகானின் கதையைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார் வள்ளியப்பா.

குழந்தைகளின் மாமா என்று பெயர் பெற்ற நேருவைப் பற்றி "நேருவும் குழந்தைகளும்" எழுதினார். "நேரு தந்த பொம்மை" என்ற கதைப் புத்தகமும் எழுதினார்.

கதைகளும் நிறைய உண்டு. "நல்ல நண்பர்கள்", "நீலா மாலா", "வேட்டை நாய்", "மணிக்கு மணி", "பர்மா ரமணி" எல்லாம் அவருடைய கதைப் புத்தகங்கள். நம் நாட்டு ஆறுகளைப் பற்றி "நம் நதிகள்" என்று ஒரு நூல் எழுதினார். அதை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. மற்ற இந்திய மொழிகளிலும் அது மொழிபெயர்க்கப்பட்டது. ராயவரத்தில் பிறந்தவர் எழுதியதைப் பிற மாநிலத்துக் குழந்தைகளும் தங்கள் தங்கள் தாய்மொழியில் படித்தார்கள்.

சங்கம் பிறந்தது

தாம் ஒருவர் எழுதினால் போதாது என்று வள்ளியப்பாவுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கான பள்ளிகள் பெருகிக்கொண்டிருந்தன. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, அதுவரையில் பள்ளிப் படியையே மிதிக்காத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் படிக்க வந்தார்கள். அவர்கள் கையில் கொடுக்கப் புத்தகம் வேண்டுமே? அதற்கு எழுத்தாளர்கள் வேண்டுமே?

1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. அதை உருவாக்கியவர்களில் முன் நின்றவர் வள்ளியப்பா. செயலாளர், தலைவர், ஆலோசகர் என்று பல பொறுப்புகளில் இருந்து அதை வளர்த்தார்.

அந்தக் காலத்தில் குழந்தை எழுத்தாளர் என்றால் மற்ற எழுத்தாளர்களிடம் அவ்வளவு மரியாதை கிடையாது. பெரிய விஷயம் எழுதத் தெரியாதவர்தான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதுவார் என்ற எண்ணம் இருந்தது. அச்சகத்திலும் குழந்தைப் புத்தகத்துக்குக் கடைசி இடம்தான். சங்கம் இந்த எண்ணத்தை எதிர்த்து நின்றது. கூட்டங்கள் போட்டது. மாநாடுகள் நடத்தியது. குழந்தைப் புத்தகக் கண்காட்சிகள் வைத்தது. நல்ல புத்தகம் எழுதியவர்களுக்குப் பரிசு கொடுத்தது. குழந்தை எழுத்தாளர்கள் யார், எவர் என்று தெரிவிக்கும் தொகுப்பையும் வெளியிட்டது.

தம்பி சீனிவாசன், பூவண்ணன் போன்றவர்கள் இந்த வட்டத்தில் வளர்ந்தார்கள். பூவண்ணன் பின்னாளில் தமிழ்க் குழந்தை இலக்கியத்தின் வரலாற்றையே எழுதினார்.

ஒரு தொழிலில் போட்டியாளர் வந்தால் முகம் சுளிப்பது உலக வழக்கம். வள்ளியப்பா புதிதாக எழுத வந்தவர்களைத் தேடிப் பிடித்து வரவேற்றார். எத்தனை பேர் எழுதினாலும் குழந்தைகளுக்குப் போதாது என்பது அவருடைய கணக்கு.

ஓய்வு இல்லாத ஓய்வு

1982-ல் பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை. "கோகுலம்" என்ற சிறுவர் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆனார். "கல்கி" நிறுவனத்தார் 1972-ல் தொடங்கிய பத்திரிகை அது. அதுவரையில் பகலெல்லாம் பாங்கிக்கும், மாலை நேரம் மட்டும் குழந்தைகளுக்கும் என்று இருந்தது. இப்பொழுது முழு நாளும் குழந்தைகளுக்கே என்று ஆயிற்று. எழுத்தார்வம் உள்ள பிள்ளைகளும் இளைஞர்களும் அந்தப் பத்திரிகையில் எழுதிப் பழகினார்கள்.

கடைசிக் கோரிக்கை

பாட்டு வெற்றி பெற்றது. புத்தகங்கள் விற்றன. பரிசுகள் வந்தன. ஆனாலும் வள்ளியப்பாவின் மனத்தில் ஒரு குறை தீரவில்லை.

பல்கலைக்கழகத்தில் சங்க இலக்கியம் பாடமாக இருந்தது. காப்பியம் இருந்தது. நாவலும் சிறுகதையும்கூடப் பாடமாகிவிட்டன. குழந்தை இலக்கியத்துக்கு மட்டும் உரிய இடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் பாட்டை, அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லப் போகும் ஆசிரியர் கல்லூரியில் படிப்பதில்லை. இது என்ன நியாயம்?

1989-ம் ஆண்டு மார்ச் மாதம் 16-ந் தேதி, மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில் வள்ளியப்பா கலந்துகொண்டார். குழந்தை இலக்கியத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று அங்கே வற்புறுத்திப் பேசினார். அந்தக் கூட்டத்திலேயே மயங்கி விழுந்தார். மாரடைப்பு. உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 66.

போர்க்களத்தில் உயிர் விட்ட வீரர்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். குழந்தைகளின் பாட்டுக்காக வாதாடி, வாதாடிய இடத்திலேயே உயிர் விட்டவர் இவர்.

பெயர் மறைந்தாலும்

சாகித்திய அகாதெமி பெரியவர்களின் இலக்கியத்துக்கு 1955-லிருந்து பரிசு கொடுத்து வருகிறது. குழந்தை இலக்கியத்துக்கென்று அது தனிப் பரிசு கொடுக்கத் தொடங்கியது 2010-ல்தான். வள்ளியப்பா மறைந்து 21 ஆண்டுகள் கழிந்த பிறகு! அதைக் காண அவர் இல்லை. ஆனால் 2019-ல் அந்தப் பரிசைத் தமிழுக்காகப் பெற்றவர் தேவி நாச்சியப்பன். அவர் வள்ளியப்பாவின் மகள். தந்தை வழியில் குழந்தைகளுக்கு எழுதுகிறவர். 2022-ம் ஆண்டு வள்ளியப்பாவின் நூற்றாண்டு.

புலவர்களுக்கு ஒரு பெரிய ஆசை உண்டு. தங்கள் பெயர் நிலைக்க வேண்டும் என்பது. வள்ளியப்பாவின் கதை வேறு மாதிரி ஆயிற்று. பாட்டுப் பரவப் பரவ, எழுதியவர் பெயர் உதிர்ந்துகொண்டே வந்தது. தாலாட்டுப் போல, கும்மிப் பாட்டுப் போல, யாரோ பாடிய பாட்டு என்று மக்கள் நினைக்கத் தொடங்கினார்கள். ஒரு கவிஞருக்கு இதைவிட நஷ்டம் இல்லை. இதைவிடப் பெரிய லாபமும் இல்லை!

ஆனாலும் நன்றி என்று ஒன்று உண்டு. அடுத்த முறை வீட்டில் குழந்தை லட்டுப் பாட்டைப் பாடி முடித்ததும், இதை எழுதியவர் ராயவரம் அழ. வள்ளியப்பா என்று ஒரு தடவை சொல்லிக் கொடுக்கலாம். பாட்டை ஒரு நாளில் பிடித்துக்கொண்ட குழந்தை, பெயரையும் பிடித்துக்கொள்ளும்.